சுல்தான் கான் யாருடைய முதுசம்?

உயிரோடிருந்தபோது ஏனென்று கேட்க ஒருவருமில்லை. மண்ணுக்குள் போய் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரோ, "எங்களவர்" என்று உரிமை பாராட்ட மூன்று தேசங்களுக்கு வழி பிறந்திருக்கிறது. மீர் சுல்தான் கான் என்னும் சதுரங்க வீரரின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வதாயின் இவ்வளவுதான்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் சர்வதேச சதுரங்க சம்மேளனத்தின் தலைவர் ஆர்க்கடி துவோர்க்கோவிச் பாக்கிஸ்தானுக்குச் சென்றார். 1966இல் காலமாகிவிட்ட சுல்தான் கானுக்குக் 'கௌரவ கிராண்ட்மாஸ்டர்' என்ற பட்டத்தை அறிவித்து, அதனை அந்நாட்டின் இடைக்காலப் பிரதமரிடம் கையளித்தார். பாக்கிஸ்தானின் முதலாவது கிராண்ட்மாஸ்டர் என்று உலகெங்கும் செய்தி பரவிற்று. 1928இல் அகில இந்தியச் சம்பியனாக வென்றவரன்றோ என்று இந்தியா கேட்கலாம். எங்கள் தேசியப் பட்டத்தை மும்முறை சூடியவரன்றோ, எங்கள் அணியின் முதற்பலகையில் அமர்ந்தவரன்றோ என்று இங்கிலாந்து கேட்கலாம். ஒரு காணிக்கு மூன்று உறுதிகள்!

இது வெறும் விளையாட்டுச் சமாசாரமென்று கருதி நமது வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. ஒரு மனிதன் எந்த நாட்டுக்கு உரியவன், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்குரியது, அவனைப் பிறப்பித்த மண்ணுக்கா, அவனுக்குக் கடதாசி வழங்கிய அரசுக்கா, அல்லது அவனுக்கேயா என்ற கேள்வி இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. சதுரங்கப் பலகை சிறியது. அதன் மேல் நாட்டப்படும் சிறு கொடியோ பெரிய கதைகளைச் சொல்லுவது.

வழக்கின் சங்கதிகள்

முதலில் சங்கதிகளை ஒழுங்காக நிறுத்துவோம். சங்கதி தெரியாமல் சட்டம் பேசுபவன் வரம்பு தெரியாமல் ஏர் பூட்டுபவனுக்கு ஒப்பாவான்.

சுல்தான் கான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைப் பஞ்சாப்பின் சிற்றூரொன்றில் பிறந்தார். அன்று அது பிரித்தானிய இந்தியா. காலாள் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும் இந்திய முறைச் சதுரங்கத்தையே அவர் சிறுவயதில் பயின்றார். சேர் உமர் ஹயாத் கான் என்ற பெருநிலக்கிழார் அவரைத் தம் பரிவாரத்திற் சேர்த்து, 1929இல் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். ஐரோப்பிய முறைக்குப் புதியவரான அவர், சென்ற சில மாதங்களிலேயே பிரித்தானியச் சம்பியன் ஆனார். 1932இலும் 1933இலும் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். 1930இல் லியேஜ் நகரப் போட்டியில் தார்த்தகோவருக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றார். ஹேஸ்டிங்ஸில் 1930–31 போட்டியில், முன்னாள் உலகச் சம்பியன் கபபிளாங்காவை வீழ்த்தினார். 1931இல் தார்த்தகோவருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட தனிப்போட்டியாடி, நான்கில் வென்று, மூன்றில் தோற்று, ஐந்தைச் சமநிலையாக்கி வெற்றி கண்டார். 1930, 1931, 1933ஆம் ஆண்டுகளின் ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்தின் முதற்பலகையில் அமர்ந்தார்.

1933ஆம் ஆண்டின் இறுதியில் எஜமானர் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். ஐந்தாண்டு கூட நிறையாத அந்தப் பெருவாழ்வு அத்துடன் முடிந்தது. 1947இல் தேசம் பிளவுபட்டபோது அவர் வாழ்ந்த மண் பாக்கிஸ்தானாயிற்று. 1966இல் சர்கோதாவில் அவர் கண் மூடினார்.

இந்த மனிதரை எந்த நாட்டின் பேரேட்டில் எழுதுவது?

பிறந்த மண் சாட்சி சொல்லுமா?

"பிறந்த இடத்தைப் பாருங்கள், வழக்குத் தீர்ந்தது" என்பார் ஒரு சாரார். தீருமா என்று பார்ப்போம்.

சாலோ ஃபுளோர் என்ற பெருவீரர் 1908இல் ஹொரொடென்கா என்னும் ஊரிற் பிறந்தார். அன்று அவ்வூர் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் போலந்துக்கு உரியதாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்தினுள் அடங்கிற்று. இன்று அது உக்ரேயினில் இருக்கின்றது. ஃபுளோர் புகழடைந்ததோ செக்கோஸ்லொவாக்கியாவின் சார்பில். பட்டம் பெற்றதோ சோவியத் பிரஜையாக. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை, கொடிகளே நகர்ந்தன. ஊரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் நான்கு அரசுகளின் பெயரைச் சொல்லும். செக்கோஸ்லொவாக்கியாவை மட்டும் சொல்லாது!

மண்ணைச் சாட்சியாக ஏற்பதானால் இன்னுமொரு விபரீதம் நேரும். ஹிக்காரு நகமுரா ஜப்பானிற் பிறந்தவர். சிறு குழந்தையாகவே அமெரிக்கா சென்று அங்கேயே ஆட்டம் பயின்றவர். அவரை ஜப்பானியக் கிராண்ட்மாஸ்டரென எவராவது எழுதத் துணிவாரா? பிறப்பு ஒரு சங்கதி, உரிமையாகிவிடாது.

"அப்படியாயின் பிரஜாவுரிமைக் கடதாசியைப் பாருங்கள்" என்பார் வேறொரு சாரார். யாக் மீசஸ் லைப்சிக்கிற் பிறந்த ஜேர்மனிய யூதர். எழுபது வயதைத் தாண்டிய பின்னர் நாஸிகளுக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து, பிரித்தானியப் பிரஜையானார். 1950இல் சர்வதேச சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை முதன்முறையாக இருபத்தேழு பேருக்கு வழங்கியபோது, அவர்களுள் எண்பத்தைந்து வயது மீசஸும் ஒருவர். கடதாசிப்படி பார்த்தால் பிரித்தானியாவின் முதற் கிராண்ட்மாஸ்டர் அவரே. ஆயினும், முதற் பிரித்தானியருக்கென்று செல்வந்தர் ஜிம் ஸ்லேற்றர் அறிவித்திருந்த 5,000 பவுண் பரிசும், முதல்வர் என்ற ஆரவாரமும் 1976இல் பேர்மிங்ஹாமிற் பிறந்த டோனி மைல்ஸுக்கே சென்றன. மைல்ஸின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. நாம் கேட்பது வேறு. அடைக்கலம் வந்தவனுக்குக் கடதாசி கொடுத்துவிட்டு, கணக்கெடுக்கும் வேளையில் "நீ எங்கள் மண்ணிற் பிறந்தவனல்லன்" என்று விரலை மடக்குவது எவ்வகை நியாயம்? வசதியானபோது கடதாசி, வசதியற்றபோது பிறப்பு! இந்த இரட்டை அளவுகோலை நமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பாட்டன் எங்கே பிறந்தான், தகப்பன் எங்கே பிறந்தான் என்று 1948ஆம் ஆண்டின் சட்டம் கேட்ட நாட்டிலன்றோ நாம் வாழ்கின்றோம்.

கொடி என்னும் உறுதி

மூன்றாவது அளவுகோல் ஒன்றுண்டு. எந்தச் சம்மேளனத்தில் பதிவு செய்து, எந்தக் கொடியின் கீழ் ஆடினாரோ, அதற்கே அவர் உரியவர் என்பது அது. இன்று நடைமுறையில் உள்ளதும் அதுவே. சதுரங்க உலகில் 'நாடு' என்பது அரசன்று, சம்மேளனமே என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றும் ஒரே முடியின் கீழ் இருந்தும், தனித்தனிச் சம்மேளனங்களாகத் தனித்தனி அணிகளை அனுப்புகின்றன. டென்மார்க்கின் முடிக்கு உட்பட்ட ஃபரோத் தீவுகளும் அவ்வாறே.

பதிவு என்னும் இந்த அளவுகோல் மற்றை இரண்டினும் மேலானது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஏனெனில் இதில் ஆட்டக்காரனின் சம்மதம் கலந்திருக்கின்றது. மிகேல் நய்டோர்ஃப் 1939இல் போலந்து அணியுடன் புவனஸ் அயர்ஸுக்குச் சென்றிருந்த வேளையில் ஐரோப்பாவிற் போர் மூண்டது. அவர் திரும்பவில்லை. ஊரில் விட்டு வந்த குடும்பத்தார் நாஸிகளின் கைகளில் மாண்டனர். 1944இல் ஆர்ஜென்டீனப் பிரஜையாகி, அந்நாட்டின் கொடியையே இறுதிவரை தம் கொடியாகக் கொண்டார். அவர் தேர்ந்த தாயகத்தை மறுக்க நாம் யார்?

ஆனால், சம்மதம் இல்லாத இடத்தில் இந்த அளவுகோலும் முறிந்துபோகும். பால் கெரஸ் என்பவரை எண்ணிப் பாருங்கள். 1935, 1937, 1939ஆம் ஆண்டுகளின் ஒலிம்பியாட்டுகளில் எஸ்தோனியாவுக்காக ஆடியவர். 1938இல் உலகின் தலைசிறந்த எண்மர் ஆடிய அவ்ரோ போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். 1940இல் அவருடைய நாட்டைச் சோவியத் ஒன்றியம் விழுங்கிற்று. 1950இற் பட்டம் வந்தபோது அவர் பெயரின் அருகே சோவியத் என்று எழுதப்பட்டது. அவர் நாடு மாறினாரா? இல்லை, நாடு அவர் காலடியிலிருந்து உருவப்பட்டது. 1991இல் எஸ்தோனியா தன் சுதந்திரத்தை மீட்டபின், தன் ஐந்து குரூன் நாணயத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. அரசியல் ஏடுகள் எதைச் சொன்னாலும், ஒரு மக்கட் கூட்டத்தின் நெஞ்சம் தன் மகனை அடையாளங் கண்டுகொண்டது. கட்டாயத்தால் எழுதப்பட்ட உறுதி செல்லாது என்பது சட்டம் பயின்றோர்க்கெல்லாம் தெரிந்த விதி. சதுரங்கத்துக்கு மட்டும் அது விலக்காகுமா?

விரட்டியவன் கொண்டாட வரும் காட்சியும் உண்டு. மொஸ்கோவிற் பிறந்த அலெக்சாண்டர் அலேகின் 1921இல் சோவியத் நாட்டை நீங்கினார். 1927இல் உலகச் சம்பியனானார். பிரெஞ்சுப் பிரஜையாகிப் பிரான்சின் அணியில் ஆடினார். சோவியத் சதுரங்க அதிகாரிகள் அவரை எதிரியென்று தூற்றினர். 1946இல் அவர் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1956இல், அதே மொஸ்கோவில் அவர் நினைவாகப் போட்டி நடத்தப்பட்டது. பாரிஸ் நகரில் அவர் கல்லறையின் மேல், ருஷ்யாவினதும் பிரான்சினதும் சதுரங்க மேதை என்று பொறித்திருக்கின்றனர். கல்லுக்கு வாயில்லாதது நல்லதாயிற்று.

விதைத்த கையும் விளைந்த கதிரும்

நிகழ்காலத்துக்கு வருவோம். 2016இல் பாக்கு நகரில் நடைபெற்ற ஒலிம்பியாட்டில், நாற்பது ஆண்டுகளின் பின் அமெரிக்கா தங்கம் வென்றது. அந்த அணியின் முதன்மையான மூவருள் இருவர் அண்மையிற் பதிவு மாற்றி வந்தவர்கள். ஃபபியானோ கருவானா மியாமியிற் பிறந்தவராயினும், 2007இல் இத்தாலியின் கொடியின் கீழ்ப் பட்டம் பெற்று, 2015இல் அமெரிக்காவிற்குத் திரும்பியவர். வெஸ்லி சோ பிலிப்பைன்ஸிற் பிறந்து, அங்கேயே பட்டம் பெற்று, 2014இற் பதிவு மாற்றியவர்.

இவர்களை நாம் குறைகூறவில்லை. தன் உழைப்பின் பலனை எங்கே கொண்டுசெல்வதென்று தீர்மானிக்கும் உரிமை உழைத்தவனுக்கே உண்டு. அணி வென்ற தங்கம் அமெரிக்காவின் தங்கமே, அதிலும் ஐயமில்லை. நாம் மறுப்பது ஒன்றைத்தான். விளைந்த கதிரை விலைக்கு வாங்கிக் களஞ்சியத்தில் இட்டவன், "என் வயலைப் பாருங்கள், என்ன விளைச்சல்!" என்று மார்தட்டலாகாது. நெல் அவனுடையது, விளைச்சல் அவனுடையதன்று. உழுதவன் ஒருவன், நீர் கட்டியவன் ஒருவன், பன்றி வராமற் காவலிருந்தவன் ஒருவன். கிராண்ட்மாஸ்டர்களை எண்ணும் நாடுகள் நெல்லையும் விளைச்சலையும் ஒரே கணக்கில் எழுதி உலகை ஏமாற்றுகின்றன.

பதிவு மாற்றத்திற்குச் சர்வதேச சம்மேளனம் கட்டணம் அறவிடுகின்றது. பழைய சம்மேளனத்திற்கு நட்டஈடும் உண்டு. ஆட்டக்காரனின் தரம் உயர உயரத் தொகையும் உயரும். நட்டஈடு நியாயமென்றே வைத்துக்கொள்வோம். அது யாரைச் சேருகின்றது? பிள்ளைக்கு முதற்பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியனையா, நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பிய தாயையா? சம்மேளனத்தின் பெட்டியையே சேருகின்றது. பட்டிமாட்டைக் கைமாற்றும்போதாவது வளர்த்தவன் கையிற் காசு விழும்.

ஓடிவந்தவர்களின் நிலையோ வேறு. 1976இல் அம்ஸ்ரர்டாமில் சோவியத் அணியிலிருந்து விலகிய விக்டர் கோர்ச்னோய், 1978இற் பாகியோ நகரில் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, அவர் நாடிய சுவிற்சர்லாந்தின் கொடி அவருக்கு மறுக்கப்பட்டது. ஈரானிற் பிறந்த அலிரேஸா ஃபிரூஸ்ஜா, 2019இல் தன் நாட்டுச் சம்மேளனம் வீரர்களைப் போட்டிக்கு அனுப்ப மறுத்தபோது, சர்வதேச சம்மேளனத்தின் கொடியின் கீழ் ஆடி, 2021இற் பிரான்சுக்கு உரியவரானார். 2022இல் ருஷ்யா உக்ரேயின் மீது படையெடுத்தபோது, ருஷ்ய வீரர்கள் நாற்பத்து நால்வர் போரை நிறுத்தக் கோரிப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதன்பின் பலர் பதிவு மாற்றினர்: நிக்கித்தா வித்யூகோவ் இங்கிலாந்துக்கும், விளாடிமிர் ஃபெடொசெயெவ் ஸ்லோவேனியாவுக்கும் சென்றனர். இவர்களைத் 'துரோகிகள்' என்பாரும் உளர். வீட்டுக்குத் தீ வைத்தவனை விட்டுவிட்டு, வெளியே ஓடியவனைக் குற்றவாளியாக்கும் நீதி அது.

நம் முற்றத்தையும் பார்ப்போம்

பிறர் குற்றம் பேசுபவன் தன் முற்றத்தையும் பார்க்கவேண்டும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டே வயதான குகேஷ் உலகச் சம்பியனானபோது நாமெல்லாம் பூரித்தோம். சென்னையிற் பிறந்து, சென்னையில் வளர்ந்து, சென்னையிற் பயின்றவர் அவர். தமிழ்நாட்டு அரசு ஐந்து கோடி ரூபா பரிசறிவித்தது. ஆந்திர முதலமைச்சரோ, அவர் பெற்றோரின் மரபை எண்ணி, நம் தெலுங்குப் பிள்ளை என்று வாழ்த்தினார். உடனே தமிழரும் தெலுங்கரும் சொற்போர் தொடுத்தனர். பிள்ளை பலகையின் முன் வியர்வை சிந்திக்கொண்டிருந்த நாட்களில் இந்தப் பங்காளிகளிற் பலர் எங்கே இருந்தனர்?

சென்னைக்குப் பெருமை உண்டு, மறுப்பதற்கில்லை. 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்தையும் வளர்த்தெடுத்த நகரம் அது. ஆனால் அந்தப் பெருமை குருதியின் பெருமையன்று. கழகங்களின், ஆசிரியர்களின், பெற்றோரின் உழைப்பின் பெருமை. குருதியைக் காட்டி உரிமை கோருவோமாயின் ஆந்திரரின் வாதமே வெல்லும். உழைப்பைக் காட்டி உரிமை கோருவோமாயின் சென்னையின் வாதம் வெல்லும். எந்த வாதத்தை நாம் எடுப்பது? நமக்குச் சாதகமானதை அல்ல. எல்லோருக்கும் ஒன்றுபோற் பொருந்துவதையே எடுக்கவேண்டும்.

நமது தேசவழமையில் இதற்கு வழியிருக்கின்றது. சொத்துக்களை நமது முன்னோர் முதுசம் என்றும், சீதனம் என்றும், தேடியதேட்டம் என்றும் பிரித்து வைத்தனர். ஏன் பிரித்தனர்? எது எவ்வழி வந்ததோ அதற்கேற்ப உரிமை வேறுபடும் என்பதனால். வழியாக வந்ததைத் தான் தேடியதாகக் காட்டுபவனும் பொய்யன். பிறர் தேடியதைத் தன் முதுசமென்பவனும் பொய்யன். ஒரு நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களையும் இவ்வாறே வேறு வேறு பத்திகளில் எழுதுங்கள் என்கின்றோம். தன் மண்ணிற் பயின்று தன் கொடியின் கீழ்ப் பட்டம் பெற்றவர் ஒரு பத்தியில்; பட்டத்துடன் வந்து சேர்ந்தவர் இரண்டாவது பத்தியில்; இங்கே பயின்று வேறு கொடிக்குச் சென்றவர் மூன்றாவது பத்தியில். மூன்றாவது பத்தி நீளுமாயின், அவர்கள் ஏன் சென்றார்கள் என்று அந்த நாடு தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

1950ஆம் ஆண்டின் அநீதி

இனிச் சுல்தான் கானிடம் மீளுவோம். மூன்று நாடுகளிடை வழக்கென்று தொடங்கினோம். ஆனால் உண்மையான பிரதிவாதி இம்மூன்றுமல்ல. சர்வதேச சம்மேளனமே பிரதிவாதி.

1950இற் பட்டம் பெற்ற இருபத்தேழு பேருள் பதினைந்து பேர் அன்று முன்னணியில் நின்றவர்கள். எஞ்சிய பன்னிருவர், தம் உச்ச காலம் கடந்துவிட்டவராயினும் முன்னைய சாதனைக்காகக் கௌரவிக்கப்பட்டவர்கள். அவர்களுள் ஒருவரான டூராஸ் 1914ஆம் ஆண்டுடனேயே பெரும் போட்டிகளை விட்டு விலகியவர். இன்னொருவரான ரூபின்ஸ்டைன் 1930களின் தொடக்கத்தில் நோயினால் ஒதுங்கியவர். ஆகவே, ஆடுவதை நிறுத்திவிட்டார் என்ற காரணம் சுல்தான் கானுக்கு எதிராக நிற்காது.

ஆட்டம் போதாதென்பார்களா? 1931இன் பிராக் ஒலிம்பியாட்டில் சுல்தான் கான் பதினேழு ஆட்டங்களில் எட்டை வென்று, ஏழைச் சமநிலையாக்கி, இரண்டில் மட்டுமே தோற்றார். வென்றது யாரை? ஃபுளோரை, ரூபின்ஸ்டைனை. சமநிலை கண்டது யாருடன்? உலகச் சம்பியன் அலேகினுடன், குருன்ஃபெல்டுடன், ஸ்டால்பேர்குடன், பொகொல்யூபோவுடன். அதே ஆண்டில் தார்த்தகோவரைத் தனிப்போட்டியில் வென்றதையும் முன்னரே சொன்னோம். ஃபுளோர், ரூபின்ஸ்டைன், குருன்ஃபெல்ட், ஸ்டால்பேர்க், தார்த்தகோவர் ஆகிய ஐவரும் 1950இன் பட்டியலில் இருக்கின்றனர். பொகொல்யூபோவுக்கு 1951இற் பட்டம் கிடைத்தது. சுல்தான் கான் அப்போதும் உயிரோடிருந்தார். அவர் பெயர் மட்டும் இல்லை.

இன்னுமொரு சங்கதி. 1933இல் ஃபோக்ஸ்ரன் ஒலிம்பியாட்டை வென்ற அமெரிக்க அணியினர் உமர் ஹயாத் கானின் லண்டன் மாளிகையில் விருந்துண்டபோது, தமக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கானே என்று அவ்வணியின் ரூபன் ஃபைன் எழுதி வைத்தார். தம் மூதாதை வேலைக்காரரல்லர் என்று சுல்தான் கானின் வழித்தோன்றல்கள் இக்கதைகளை மறுக்கின்றனர். மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு. ஆனால் கவனியுங்கள்: விருந்துண்ட ஃபைன் 1950இன் பட்டியலில் இருக்கின்றார். பரிமாறியவரென்று எழுதப்பட்டவர் இல்லை. எந்த மேசையில் யார் அமர்வது, யார் நிற்பது என்பதை அந்தக் காலத்து உலகம் எவ்வாறு வகுத்திருந்ததென்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

பேர்னும் பிராகும் லண்டனும் அவருடைய ஆட்டத்தைக் கண்டிருந்தன. பட்டியல் எழுதப்பட்டபோது அவருக்காக வாதாட எந்த நாடு எழுந்தது? இங்கிலாந்துக்கு அவர் அந்நியர். இந்தியாவுக்கு அவர் எல்லைக்கு அப்பாற்பட்டவர். பாக்கிஸ்தானோ மூன்றே வயதுக் குழந்தை. எல்லோருக்கும் உரியவராக இருந்தவர் எவருக்கும் உரியவரல்லாதவரானார். இதுதான் நாம் இந்த வழக்கை எடுத்ததன் காரணம். எந்த நாட்டின் பேரேட்டிலும் ஒழுங்காக எழுதப்படாதவனுக்கு, அவன் உழைப்பினாற் சேர்ந்த உரிமையும் கிடையாமற் போகின்றது.

நமது தீர்ப்பு

இருந்த காலத்து மனிதனின் விருப்பமே முதற்சட்டம். அது தெரியாதபோது அவன் வாழ்ந்து மடிந்த இடம் அடுத்தது. பிரிவினைக்குப் பின் பத்தொன்பது ஆண்டுகள் தன் ஊரில் வாழ்ந்து அங்கேயே அடங்கிய சுல்தான் கானைப் பாக்கிஸ்தான் தன்னவர் என்று சொல்லலாம். அதனை இந்தியாவும் இங்கிலாந்தும் மறுத்தல் தகாது. ஆனால் அவரைத் தான் உருவாக்கியதாகப் பாக்கிஸ்தான் சொல்லலாகாது. அவர் ஆட்டம் முடிந்து பதினான்கு ஆண்டுகளின் பின்னர் பிறந்த அரசு அது. 1928இன் சம்பியன் பட்டம் பிரிக்கப்படாத இந்தியாவின் ஏட்டில் இருக்கட்டும். அந்த ஏட்டுக்கு இன்று இரு நாடுகளும் வாரிசுகள். மூன்று பிரித்தானியச் சம்பியன் பட்டங்களும் மூன்று ஒலிம்பியாட்டுகளும் இங்கிலாந்தின் ஏட்டில் இருக்கட்டும்; அவற்றுடன் 1950இன் மௌனமும் அதே ஏட்டில் இருக்கட்டும்.

சர்வதேச சம்மேளனத்திடம் நாம் கேட்பது ஒன்றே. 'கௌரவ' என்ற அந்த அடைமொழியை எடுத்துவிடுங்கள். டூராஸுக்கு அந்த அடைமொழி இல்லை, மீசஸுக்கு இல்லை, ரூபின்ஸ்டைனுக்கு இல்லை. அவர்களுக்கும் பழைய சாதனைக்காகவே பட்டம் கொடுத்தீர்கள். அவர்களுள் ஒருவரைப் பலகையில் வென்றவருக்கு மட்டும் ஏன் இந்தத் தர்ம வார்த்தை? கௌரவம் என்பது கொடுப்பவன் மனமிரங்கிக் கொடுப்பது. உரிமை என்பது கொடுக்க மறுத்தவன் கடன்பட்டிருப்பது. எழுபத்து நான்கு ஆண்டுகள் பிந்திய கடனைத் தானமென்று பெயரிட்டுத் திருப்பிக்கொடுக்கும் கடன்காரனை நமது ஊர்களில் எவரும் மதிப்பதில்லை.

1950இன் பட்டியலில் இருபத்தெட்டாவது பெயராக, எந்த அடைமொழியுமின்றி, மீர் சுல்தான் கான் என்று எழுதுங்கள். அருகே எந்த நாட்டின் பெயரை எழுதுவதென்று மூன்று நாடுகளும் பின்னர் பேசிக்கொள்ளட்டும். முதலில் மனிதனின் பெயரை எழுதுங்கள்.